மலையடிவாரத்தில் இரண்டு மொழி

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் ஊற்றி, மூன்றாம் நாள் காலையில் மேகம் விலகி மலை தலைகாட்டினால், அன்றைக்குப் புத்தகம் பையைவிட்டு வெளியே வராது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். நாற்றங்காலில் இடுப்பு உயரக் கன்றுகள் வரிசை கட்டி நிற்கும். வேங்கை, உசில், வெப்பாலை, ஆத்தி, இலுப்பை. கறுப்பு பாலித்தீன் பையோடு அவற்றைக் கூடையில் அடுக்கி, வலுவுள்ளவர்கள் தலையிலும் மற்றவர்கள் இடுப்பிலுமாகச் சுமந்துகொண்டு அண்ணாமலையின் சரிவில் ஏறுவோம். பாறை வழுக்கும். எலுமிச்சைப் புல் எங்கள் தலைக்கு மேல் நின்று முகத்தில் தண்ணீரை உதறும். பெரியவர்கள் முன்கூட்டியே குழி வெட்டி வைத்திருப்பார்கள். நட்டு, மண் தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம் பிறைபோலக் கல் அடுக்கி, அறுத்த புல்லைத் தூரில் பரப்புவது எங்கள் வேலை.

குழிக்கு இரண்டு பேர். எங்கள் ஆசிரியை அக்கா ஜோடி பிரிக்கும்போது ஒரு கணக்கு வைத்திருந்தார்: ஊர்ப் பிள்ளை ஒன்று, வெளியிலிருந்து வந்த பிள்ளை ஒன்று. எனக்கு வாய்த்தவன் பிரான்சிலிருந்து வந்த பையன். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எனக்கும் அப்போது இங்கிலீஷ் என்றால் "மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்" என்கிற ஒரே வாக்கியம்தான். அவன் முதல் கன்றைத் தண்டைப் பிடித்து இழுத்தான். "ஏய், வேரு அறுந்துடும்டா!" என்று கத்தினேன். கத்தியது புரிந்தது, எதற்கென்று புரியவில்லை. கன்றை என்னிடமே நீட்டினான். நான் பையின் அடிப்பக்கத்தைப் பிளேடால் கீறி, உள்ளங்கையை மண்கட்டிக்குக் கீழே கொடுத்து, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக் குழிக்குள் இறக்கினேன். மண்ணைப் போட்டுக் கையால் அழுத்திக் காட்டினேன். அடுத்த கன்றை அவன் அப்படியே செய்தான். செய்துவிட்டு என்னைப் பார்த்து, "வேரு?" என்றான். தலையாட்டினேன். மதியம் இறங்குவதற்குள் அவனுக்கு மண்ணு, கல்லு, தள்ளு, புடி எல்லாம் வந்துவிட்டன. எனக்கு ஹோல்ட், வெயிட், ஸ்லோலி. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. சரிவில் நின்றுகொண்டு ஒரு கல்லை இரண்டு பேராக நகர்த்த வேண்டுமென்றால் எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

அந்தப் பள்ளியின் பெயர் மருதம். திருவண்ணாமலையை அடுத்த கணத்தம்பூண்டியில் 2009இல் தொடங்கிய பண்ணைப் பள்ளி. நான் சேர்ந்தபோது அதற்கு வயது குறைவு. எனக்கும்தான்.

அதற்கு முன்னால் ஊரில் வேறொரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் இரண்டு வருடம் போயிருந்தேன். அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். நாலு பேரைப்போலத் தன் பெண்ணும் டை கட்டி ஷூ போட்டு வேனில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார், அதில் தப்பில்லை. ஆனால் அங்கே வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம். பேசினவர் பெயரை எழுதிவைக்க ஒரு லீடர் உண்டு. இங்கிலீஷும் தெரியாது, தமிழும் பேசக்கூடாது என்றால் குழந்தை என்ன செய்யும்? வாயை மூடிக்கொள்ளும். நான் மூடிக்கொண்டேன். வீட்டிலும் பேச்சு குறைந்துபோனதை முதலில் கண்டுபிடித்தது ஆயா. எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். "புள்ளைக்கு யாரு கண்ணு பட்டுதோ" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அந்தக் கோடையில் அப்பா உழவுக்குப் போன இடத்தில் மருதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார்.

ஆயாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. "அங்க பாடமே நடத்த மாட்டாங்களாமே. வெள்ளக்காரப் புள்ளைங்களோட சேந்துகினு மாடு மேய்க்குமாம். அதுக்கு நம்ம வூட்லயே இருக்குதே மாடு" என்றாள். சீருடை கிடையாது, மணி அடித்தால் எழுந்து நிற்பது கிடையாது, ஆசிரியரை சார், மிஸ் என்று கூப்பிடுவதும் கிடையாது. அக்கா, அண்ணா. சேர்ந்த புதிதில் ஒரு அக்காவிடம் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று என்னுடைய ஒரே வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக் கேட்டேன். அவர் தமிழில், "தாகம் எடுத்தா போய்க் குடிம்மா, கேக்கணுமா?" என்றார். தமிழில் பதில் சொல்லும் பள்ளிக்கூடத்து ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் பேச ஆரம்பித்தவள்தான்.

எங்கள் வகுப்பில் சுற்றுவட்டார ஊர்களின் விவசாயி வீட்டுப் பிள்ளைகள், கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள், சென்னையையும் பெங்களூரையும் விட்டுவிட்டு மலையடிவாரத்துக்குக் குடிவந்தவர்களின் பிள்ளைகள், ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்தோம். இப்படி ஒரு கலவை வேறு ஊரில் செயற்கையாக இருந்திருக்கும். திருவண்ணாமலையில் அது இயல்பு. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி மதுரையிலிருந்து ஓடிவந்த பதினாறு வயதுப் பையன் ஒருவர் இங்கேயே தங்கி ரமணர் ஆனார். 1934இல் பால் பிரண்டன் அவரைப் பற்றி எழுதிய புத்தகம் வெளியானதும் மேல்நாட்டார் வரத் தொடங்கினார்கள். அவர் 1950இல் மறைந்த பிறகும் அந்த வரத்து நிற்கவில்லை. வந்தவர்களில் சிலர் பிள்ளைகுட்டியோடு தங்கினார்கள். மார்கழி, தை மாதங்களில் ரமணாசிரமத்துப் பக்கம் போய்ப் பாருங்கள், டீக்கடைக்காரர் மூன்று பாஷையில் சில்லறை கேட்பார்.

இப்படித் தங்கிய குடும்பங்களில் ஒன்றைப் பற்றி ஒரு அண்ணா கணக்கு வகுப்பின் நடுவே சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஆர்தர் ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலேயர், போலந்துக்காரரான அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். 1940களில் ஆசிரமத்தருகே குடியிருந்தார்கள். 'தி மவுண்டன் பாத்' என்ற ஆசிரமப் பத்திரிகையை 1964இல் தொடங்கியவர் அவர்தான். மகன் ஆடம் இந்த மலையடிவாரத்தில் வளர்ந்து, கொடைக்கானலில் படித்து, பிறகு வெளிநாடு போனார். 1981இல் அமெரிக்காவில் 'ஆஸ்போர்ன் 1' என்று ஒரு கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கையில் தூக்கிப் போகலாம் என்று சந்தைக்கு வந்து வெற்றி பெற்ற முதல் கணினிகளில் அது ஒன்று. எடை ஏறத்தாழ 11 கிலோ. அவர் காலமானதும் கொடைக்கானலில்தான், 2003இல். "11 கிலோவைக் கையில தூக்க முடியுமாண்ணா?" என்று கேட்டோம். அண்ணா பதில் சொல்லவில்லை, கடைக்குப் போய் அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். தூக்கிப் பார்த்தோம். நம் ஊர்ப் புழுதியில் விளையாடின ஒரு பிள்ளை அப்படி ஒன்றைச் செய்திருக்கிறது என்பது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அவர் வெள்ளைக்காரர் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. ஊர்க்காரர், அவ்வளவுதான்.

பாடம் நடக்கும் முறையைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் தமிழ் எழுத்து. அதில் கூட்டிப் படித்து, கதை படித்து, தானாகவே ஒரு பக்கம் எழுதும் அளவுக்கு வந்த பிறகுதான் இங்கிலீஷில் படிப்பதும் எழுதுவதும். பேச்சில் மட்டும் முதல் நாளிலிருந்தே இரண்டும் புழங்கும். சென்னை தூலிகா பதிப்பகத்தின் படப்புத்தகங்கள் நூலகத்தில் இருந்தன. ஒரே பக்கத்தில் தமிழும் இங்கிலீஷும். அவற்றை இரண்டு பேராகப் படிப்போம். நான் தமிழை வாசிப்பேன், பக்கத்தில் இருப்பவள் இங்கிலீஷை. பிறகு மாற்றிக்கொள்வோம். அவளுடைய 'ழ'வுக்கு நான் காத்திருக்க வேண்டும், என்னுடைய வாக்கியத்துக்கு அவள். இந்தக் காத்திருப்பைத்தான் அந்தப் பள்ளியின் பெரிய பாடம் என்று நான் நினைக்கிறேன். திக்கிப் படிக்கிறவர் எப்போதும் ஊர்ப் பிள்ளையாகவே இருந்தால் அது தன்னை மட்டம் என்று நினைத்துக்கொள்ளும். இங்கே எல்லாருக்கும் திக்குகிற முறை வந்தது.

மல்லாட்டை பிடுங்கும் காலம் வந்தால் அதைவிடக் கொண்டாட்டம். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். ஈர மண்ணில் செடியைத் தூரோடு பிடித்து அசைத்து இழுத்தால் சரசரவென்று கொத்தாகக் காய் வரும். உதறி, குவித்து, பூவரச மரத்து நிழலில் வட்டமாக உட்கார்ந்து ஆய வேண்டும். ஊரிலிருந்து பெண்கள் வேலைக்கு வருவார்கள். ஒரு வருடம் ஆயாவும் வந்தாள், பேத்தி அங்கே என்னதான் செய்கிறாள் என்று வேவு பார்க்க. கை காயை ஆய, வாய் சும்மா இருக்குமா? நல்லதங்காள் கதையை எடுத்தாள். பஞ்சம் வந்தது, அண்ணன் வீட்டுக்கு ஏழு பிள்ளைகளோடு கிளம்பினாள், அண்ணி கதவைச் சாத்தினாள். பிரெஞ்சுக்காரப் பையன், ஒரு ஜெர்மன் பெண், பெங்களூர்ப் பெண் என்று ஒவ்வொருவராகக் கூடையை இழுத்துக்கொண்டு ஆயாவைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஆயாவின் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு, நகரத்துத் தமிழ்ப் பிள்ளைக்கே பாதி புரியாது. ஆனால் அவள் அண்ணியாகக் கதவைச் சாத்தினால் சத்தம் கேட்கும். ஏழாவது பிள்ளை கிணற்றடியில் நின்று கெஞ்சுகிற இடத்தில் வட்டம் முழுக்க ஆய்வது நின்றுபோனது. ஆயா இடுப்புச் சுருக்குப் பையை எடுத்து வெற்றிலை போட ஆரம்பித்தாள். அந்தப் பையன் பொறுக்க மாட்டாமல், "அப்பறம் இன்னா ஆச்சி ஆயா?" என்றான். ஆயா வெற்றிலையை அப்படியே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அவள் சொன்னது: "அந்தப் பள்ளிக்கூடத்த மாத்தாதடா."

மதியச் சாப்பாடு எல்லாருக்கும் ஒன்றுதான். வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, பண்ணையில் விளைந்த காய்கறி, கீரை, சில நாள் கேழ்வரகுக் களி. அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும்.

விளையாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. எங்கள் பள்ளியில் கிரிக்கெட்டைவிட ஃப்ரிஸ்பிக்குத்தான் மவுசு. அல்டிமேட் என்பார்கள். அணிக்கு ஏழு பேர், பையன்களும் பெண்களும் கலந்து. 175 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் தட்டை ஒருவருக்கொருவர் வீசி எல்லைக்குள் பிடித்தால் புள்ளி. தட்டு கையில் இருக்கும்போது ஓடக் கூடாது. இந்த விளையாட்டின் விசேஷம், நடுவர் கிடையாது. ஒருவர் தப்பு செய்தார் என்று நினைத்தால் ஆட்டத்தை நிறுத்தி, அந்த இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீரவில்லை என்றால் தட்டு வீசினவர் கைக்கே திரும்பிப் போகும். இதற்கு மேல் ஒரு மொழி வகுப்பை யாரும் யோசித்துக் கண்டுபிடித்துவிட முடியாது.

ஒரு சனிக்கிழமை, கடைசிப் புள்ளி. நான் பாய்ந்து எல்லைக்குள் தட்டைப் பிடித்தேன். எதிரணியில் இருந்த பெங்களூர்ப் பெண், என் கால் கோட்டுக்கு வெளியே இருந்தது என்றாள். இங்கிலீஷில், வேகமாக, காரணத்தோடு சொன்னாள். என் அணி என்னைப் பார்த்தது. எனக்காக நானேதான் பேச வேண்டும். இடது கால் உள்ளே ஊன்றின பிறகுதான் தட்டு கைக்கு வந்தது, விழுந்தது அதற்குப் பிறகு, வெளியே இருக்கிற தடம் விழுந்த தடம் என்று சொல்லியாக வேண்டும். இங்கிலீஷில் ஆரம்பித்தேன். நடுவில் முட்டியது. மீதியைத் தமிழில் சொல்லி, மண்ணில் தடத்தைத் தொட்டுக் காட்டி, மறுபடி இங்கிலீஷுக்கு வந்தேன். அவளுக்கும் அதற்குள் ஓரளவு தமிழ் பழகியிருந்தது. குனிந்து பார்த்தாள். புழுதியில் என் இடது குதிகால் பதிந்த குழி, கோட்டுக்கு இரண்டு விரற்கடை உள்ளே இருந்தது. "ஆமா, உள்ளதான் இருக்கு. யுவர் பாயிண்ட்" என்றாள். வழக்கில் ஜெயித்த வக்கீல்போல நின்றேன் அன்றைக்கு. இங்கிலீஷ் பரீட்சையில் எவ்வளவு வாங்கினேன் என்பதெல்லாம் மறந்துவிட்டது.

தை, மாசியில் ஒரு வாரம் கைவினை வாரம் நடக்கும். கூடை முடைகிறவர், பானை வனைகிறவர், நெசவு தெரிந்தவர் என்று பல ஊர்க் கைவினைஞர்கள் வந்து பந்தலுக்கடியில் உட்காருவார்கள். கற்றுக்கொள்ள வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு மொழிபெயர்க்கும் வேலை. என்னைப் பனையோலைப் பாட்டியிடம் விட்டார்கள். பாட்டிக்கு எழுபது வயது இருக்கும். நிழலில் உலர்த்திய குருத்தோலையில் ஈர்க்கைச் சிறு கத்தியால் உருவி எடுப்பாள். ஒரே சீரான அகலத்தில் ஓலையைக் கிழிப்பாள், அளவுகோல் அவள் கட்டைவிரல் நகம்தான். ஈரத் துணியில் சுற்றிவைத்து, ஒவ்வொன்றாக உருவி, குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு அடிப்பாகத்தைத் தொடங்குவாள். எதிரே ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு அம்மா, ஓலை கையிலேயே ஒடிகிறதே என்று தவித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பாட்டி, "இந்தம்மாவுக்கு எத்தினி புள்ளைங்க, கேளு" என்றாள். கேட்டேன். இல்லை, வேண்டாம் என்று நாங்களே முடிவெடுத்தோம் என்றார் அவர். இதை எப்படிப் பாட்டியிடம் சொல்வது? பாட்டி வருத்தப்படுவாள். அவள் ஏதாவது சொல்லி, அதை நான் இவரிடம் சொன்னால் இவர் வருத்தப்படுவார். எழுந்துபோய் அக்காவிடம் கேட்டேன். "அவங்க சொன்னத அப்படியே சொல்லு. கூட்டாத, குறைக்காத. ரெண்டு பேரும் பெரியவங்க, அவங்க பாத்துப்பாங்க" என்றார். சொன்னேன். பாட்டி ஓலையை மடித்துக்கொண்டே யோசித்தாள். "எனக்கு அஞ்சு. ஒருத்தனும் கூட இல்ல. இந்தம்மா யோசிச்சி செஞ்சிருக்குது" என்றாள். அதையும் அப்படியே சொன்னேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிச் சிரிப்பும் வந்தது. தன் அம்மா கொடி வகையில் கூடை முடைவாள், அந்தக் கைதான் இந்தப் பாட்டியின் கை என்றார். பிறகு நான் அங்கே தேவைப்படவே இல்லை. பாட்டி அவர் விரலைப் பிடித்து ஓலைக்குள் நுழைத்தாள். சாயங்காலம் கோணல்மாணலாக ஒரு பெட்டி முடிந்தது. நான் இன்று அலுவலகத்தில் இரண்டு தரப்புக்கு நடுவே பேச வேண்டிய வேலை பார்க்கிறேன். கூட்டாத, குறைக்காத என்பதற்கு மேல் அந்தத் தொழிலுக்கு எனக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்பட்டதில்லை.

மலைக்குத் திரும்பி வருகிறேன், எங்கள் வருடம் அதில்தான் முடியும். 2,668 அடி உயர மலை. அதைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் சுற்றுகிறார்கள். ஒரு காலத்தில் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தீக்கும் இரையாகி மொட்டையாகக் கிடந்த மலை அது. 1980களின் கடைசியில் அண்ணாமலை ரீஃபாரெஸ்டேஷன் சொசைட்டி என்ற அமைப்பு மரம் வைக்க ஆரம்பித்தது. பின்னால் த ஃபாரெஸ்ட் வே அறக்கட்டளை வனத்துறையோடு சேர்ந்து அந்த வேலையைத் தொடர்கிறது. எங்கள் பள்ளியை நடத்துவதும் அந்த அறக்கட்டளைதான். மழைக்காலத்தில் நட்டது பாதி வேலை. தை பிறந்ததும் புல் காய்ந்துவிடும். ஒரு தீக்குச்சி போதும், ஐந்தாறு வருடக் கன்றுகள் ஒரே ராத்திரியில் போய்விடும். அதனால் சரிவில் அகலமாக ஒரு பட்டை புல்லை அறுத்து அகற்றி, தீ தாண்ட முடியாமல் தடுப்புக் கோடு போடுவார்கள். பெரியவர்கள் அறுக்க, நாங்கள் வாரி ஒதுக்குவோம். புல்லின் சுணை கழுத்தெல்லாம் அரிக்கும்.

ஒரு மாசி ராத்திரி மேல் சரிவில் தீ பிடித்தது. கீழே வீட்டு வாசலிலிருந்து பார்க்கச் சிவப்புக் கயிறு நெளிவதுபோலத் தெரிந்தது. பெரியவர்கள் தழைக்கொத்து வெட்டிக்கொண்டு மேலே போய், விடியும் மட்டும் அடித்து அணைத்தார்கள். மறுநாள் எங்களைக் கூட்டிப்போனார்கள். தடுப்புக் கோட்டுக்கு மேலே கரி, கீழே பச்சை. கத்தியால் கீறினதுபோல அவ்வளவு துல்லியம். கரிந்த பக்கத்தில் நானும் அந்தப் பிரெஞ்சுக்காரப் பையனும் நட்ட கன்றுகள் இருந்தன. அவன் ஒவ்வொரு தூராக மண்ணைக் கிளறி, "வேரு இருக்கு, வேரு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனான். சில கன்றுகள் அடுத்த மழைக்குத் துளிர்த்தன, சில இல்லை.

அதற்கப்புறம் யார் பீடி பற்றவைத்தாலும் அவனுக்குப் பொறுக்காது. கிரிவலப் பாதையோரம் ஒரு பெரியவர் காய்ந்த புல்லருகே பீடித் துண்டை எறியப் போனபோது, "தாத்தா, அணைச்சிட்டு போடு தாத்தா. புல்லு காஞ்சி கெடக்குது பாரு" என்றான். பெரியவர் பீடியைக் கல்லில் தேய்த்து அணைத்துவிட்டு, "எந்த ஊரு தம்பி நீ?" என்று கேட்டார். "இந்த ஊருதான்" என்றான்.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். விசா முடிந்து திடீரென்று போய்விடும் பிள்ளைகள் இருந்தார்கள். பழகி முடிப்பதற்குள் இடம் காலியாகும். நாங்கள் இங்கிலீஷைப் பிடித்துக்கொண்ட வேகத்தில் எல்லாரும் தமிழைப் பிடித்துக்கொண்டார்கள் என்றும் இல்லை. பள்ளி வாசலுக்கு வெளியே இங்கிலீஷுக்குத்தான் வேலை, காசு, மரியாதை எல்லாம். அந்தப் பாரம் உள்ளே வராமல் எந்தப் பள்ளியாலும் முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் தமிழ் தெரியாமல் அங்கே ஒரு கன்றை நட முடியாது, ஒரு கதையின் முடிவைக் கேட்க முடியாது. அந்தத் தேவை இருந்ததால் தமிழ் தலைநிமிர்ந்து நின்றது. ஒரு மொழியைச் சட்டம் போட்டுப் பாடமாக வைக்கலாம். 2006இல் நம் மாநிலம் தமிழ் கற்றல் சட்டம் கொண்டுவந்து, முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. தேவையான சட்டம். ஆனாலும் பாடவேளை முடிந்து மணி அடித்த பிறகு அந்த மொழிக்கு வளாகத்தில் வேலை இல்லையென்றால், அது மதிப்பெண்ணுக்கு மட்டும்தான் உயிரோடிருக்கும்.

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் வீட்டைப் புதைத்தது. 7 பேர் இறந்தார்கள். செய்தி பரவிய ராத்திரி பிரான்சிலிருந்து அந்தப் பையனின் குரல் செய்தி எனக்கு வந்தது. "வூட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ஆயா எப்படி இருக்குது? நம்ம மரம் வெச்ச பக்கமா இடிஞ்சிது?" எங்கள் ஊர்ப் பேச்சு, அப்படியே. இடிந்தது அந்தப் பக்கம் இல்லை என்று சொன்னேன்.

இன்று தமிழ்நாட்டில் மாவட்டத் தலைநகரம் தவறாமல் 'இன்டர்நேஷனல்' என்று பெயர்ப்பலகை மாட்டிய பள்ளிகள் வந்துவிட்டன. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். நீச்சல்குளத்தையும் ஏசி வகுப்பையும் சுற்றிக்காட்டுவார்கள், பாருங்கள். பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் தமிழில் சண்டை போடலாமா? வெளிநாட்டுப் பிள்ளையோ வெளிமாநிலப் பிள்ளையோ இங்கே தமிழ் பேசியாக வேண்டிய வேலை என்ன இருக்கிறது? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பள்ளி வேண்டாம், வேறு பாருங்கள்.